லயத்திலிருந்து வந்த பிள்ளைகள்: ஒரு சிறுவர் இல்லத்தில் 11 வருசம்

2012 ஜனவரியில் அந்த இல்லத்துக்கு வேலைக்குப் போனேன். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில், தேயிலைக்கு நடுவே ஒரு பழைய மிஷன் வீடு. எங்கள் திருச்சபை நடத்தியது. பெண்பிள்ளைகள் 22 பேர், அவர்களோடு வந்த தம்பிமார் 4 பேர். அதற்கு முன்னால் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் எட்டு வருசம் வேலை செய்திருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற கைப்பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள் என்பதால் பயமில்லாமல்தான் போனேன்.

முதல் கிழமையில் பதிவுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் பக்கமாக வாசித்தேன். தாயும் தகப்பனும் இரண்டு பேருமே இறந்துபோன பிள்ளைகள் 26 பேரில் 3 பேர்தான். 9 பேரின் தாய்மார் குவைத்திலும் சவுதியிலும் வீட்டு வேலையில் இருந்தார்கள். சிலருக்கு அப்பா கொழும்பில் கடையில் நின்றார், தீபாவளிக்கு மட்டும் வருவார். இன்னும் சிலரின் அம்மா மறுகல்யாணம் செய்திருந்தார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகள்; ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், ஏழு பேர் படுக்கிற அந்த வீட்டில் முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கு இடம் இல்லாமல் போயிருந்தது. குடியும் அடியும் காரணமாகக் கோர்ட் வழியாக வந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆனால் ஊரில் எல்லோரும் எங்களை அநாதை மடம் என்றுதான் சொன்னார்கள். இப்படியான இல்லங்களுக்கென்று 1941இல் வந்த கட்டளைச் சட்டமே அநாதை இல்லங்கள் என்ற பெயரில்தான் இருக்கிறது. அந்தச் சொல் பிள்ளைகளின் காதில் விழும். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாடசாலையிலிருந்து சட்டை கிழிந்து வந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். "அநாதைன்னு சொன்னான், எனக்கு அம்மா இருக்குன்னு அடிச்சேன்" என்றது. அந்தப் பிள்ளைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோதுதான், அதன் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

இப்படியான இல்லங்களில் வேலைக்குச் சேரப்போகிறவர்களுக்கும், கையில் கொஞ்சம் காசு வந்தால் ஒரு இல்லத்துக்கு ஏதாவது செய்வோம் என்று நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சோறு, உடுப்பு, படிப்பு, ஜெபம் எல்லாவற்றையும் நாங்கள் நன்றாகவே பார்த்தோம். பிள்ளைக்கும் அதன் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் இருக்கிற கயிறு அறாமல் பார்ப்பதும் அதே அளவு பெரிய வேலை என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. அதற்குள் சில பிள்ளைகளின் கயிறு அறுந்தே போய்விட்டது.

முதலில் கூப்பிடுகிற பெயரைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர்களை "அம்மா" என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். அன்பினால் செய்ததுதான். சவுதியிலிருந்து அம்மா போன் எடுக்கிறபோது, நான் பக்கத்தில் நிற்க, போனுக்குள் "அம்மா" என்று சொல்ல ஒரு ஏழு வயதுப் பிள்ளை தயங்கியதைப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னது. அன்று இரவே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இனி நான் பெரியம்மா, சமையல் பார்க்கிறவர் அத்தை, தோட்டம் பார்க்கிறவர் மாமா என்று. அம்மா என்ற சொல்லை அம்மாவுக்கே விட்டோம்.

காலை நாலே முக்காலுக்கு எழும்ப வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணியில் கை வைக்க முடியாது, எலும்பு வரைக்கும் குத்தும். விறகு அடுப்பில் இரண்டு பெரிய கிடாரத்தில் தண்ணீர் சூடாக்குவோம். நான் போன புதிதில் பெரிய பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், கடைசியில் நிற்கிற சின்னதுகளுக்கு ஆறிய தண்ணீர்தான் மிஞ்சும். சின்னவர்களை மாலையில், விளையாடி வந்த சூட்டோடு குளிப்பாட்டுவது என்று மாற்றினேன். காலையில் முகம் கை கால் மட்டும். சளியும் குறைந்தது, விறகும் மிச்சம்.

யூன் பிறந்தால் ஆவணி வரைக்கும் எங்கள் பக்கம் மழை விடாது. 26 பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை காய வேண்டும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவோம். உடுப்பு காயும், ஆனால் புகை நாற்றம் ஏறிவிடும். வகுப்பில் "ஹோம் பிள்ளை வாசம்" என்று மூக்கைப் பொத்துகிறார்கள் என்று ஒரு பிள்ளை ஆறு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னது. பெரிய விசயமா என்று நினைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்க அது போதும். வெளிச்சம் உள்ளே வருகிற பிளாஸ்டிக் தகடு 8 வாங்கி, சுவரோடு சாய்த்து ஒரு காயப்போடுகிற கொட்டில் அடித்தோம். இல்லத்துக்கு வந்த நன்கொடைகளிலேயே அதிகம் பயன்பட்டது அந்த எட்டுத் தகடும்தான். நனைந்த சப்பாத்துக்குள் பழைய பேப்பரை அடைத்து வைத்தால் விடியும்போது பாதி காய்ந்திருக்கும். பேப்பரை நடுச்சாமத்தில் ஒரு தடவை மாற்ற வேண்டும்.

உள்ளாடையும் துவாயும் ஒரே குவியலாக இருந்தன. கையில் அகப்பட்டதை எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். சீருடையின் கழுத்தில் மட்டும் 1இலிருந்து 26 வரை இலக்கம் தைத்திருந்தது. "பதினாலு எங்கே?" என்று கேட்டால் பிள்ளை ஓடி வரும். அதைக் கேட்கவே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு விடுமுறையில் எல்லோருக்கும் நூலும் ஊசியும் கொடுத்து, அவரவர் துவாயிலும் உடுப்பிலும் விரும்பிய படத்தைத் தைக்கச் சொன்னேன். பூ, பட்டம், குருவி, ஒரு பிள்ளை தேயிலைக் கொழுந்து தைத்தது. இரண்டு இலையும் நடுவில் மொட்டும் அப்படியே இருந்தது. தன் துவாயைப் பிறகு ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதனால் சிரங்கும் குறைந்தது. சிரங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிள்ளைக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் மருந்து போடுவது வீண். டொக்டரிடம் கேட்டு, அரிக்கிறதோ இல்லையோ, வேலை செய்கிறவர்களையும் சேர்த்து எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். கழுத்துக்குக் கீழே விரல் இடுக்கு, நகத்தடி எதையும் விடக்கூடாது. படுக்கை விரிப்பைக் கொதிநீரில் போட வேண்டும், கொதிநீரில் போட முடியாததைப் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை வைக்க வேண்டும். நாங்கள் இரண்டு வருசம் ஒவ்வொருவராகப் பூசிப் பூசி ஓய்ந்த பிறகுதான் இதைச் செய்தோம். பேனுக்கு அவரவர் சீப்பும், சனிக்கிழமை வெயிலில் உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்ப்பதும் போதும். பிள்ளைகள் மனம் விட்டுப் பேசுவதும் அந்த நேரத்தில்தான்.

படுக்கையை நனைக்கிற பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். புதிதாக வந்தவர்கள், அல்லது வீட்டிலிருந்து போன் வரும் என்று பார்த்து வராமல் போன கிழமையில் பெரியவர்கள்கூட. அங்கே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. நனைத்த பிள்ளை விரிப்பைத் தானே துவைத்து, எல்லோரும் பார்க்க முற்றத்தில் காயப்போட வேண்டும். நானும் ஒரு மாதம் அதையே செய்ய வைத்தேன். இப்போதும் அது எனக்கு வலிக்கிறது. அப்புறம் மெத்தைக்கு ரப்பர் சீட் போட்டோம், இரவு பத்தரைக்கு டோர்ச் அடித்து மெதுவாக எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனோம், காலையில் ஒருத்தர் கண்ணிலும் படாமல் விரிப்பை மாற்றினோம். பத்தரைக்கு எழுந்து வருகிற பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். அந்தக் கைப்பிடியில் பாதி குணமாகும்.

சாப்பாடு பெரும்பாலும் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலில் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, இரவுக்கும் சோறுதான். கிழமையில் இரண்டு நாள் நெத்தலியோ முட்டையோ. பின்பக்கத்தில் கோவா, கரட், லீக்ஸ் போட்டிருந்தோம். ஒரு ஆறு வயதுப் பிள்ளை ரொட்டியைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்கும். எறும்பு வரும், ஒரு தடவை எலி வந்தது. திட்டிப் பார்த்தேன், ஒளிக்கிற இடம்தான் மாறியது. பிறகு மூடியுள்ள பிஸ்கட் டின் ஒன்றைக் கொடுத்து, "இது உன்னுடையது, இதில் எப்போதும் இரண்டு பிஸ்கட் இருக்கும், முடிந்தால் என்னிடம் வா" என்றேன். முதல் மாதம் தினமும் வந்தது. மூன்றாம் மாதம் டின்னைத் திறந்து பார்த்தேன், பிஸ்கட் நமுத்துக் கிடந்தது. ரொட்டி ஒளிப்பதும் நின்றிருந்தது.

மாலை ஆறரைக்கு ஜெபம். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்துப் பிள்ளைகள். இதை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் கிறிஸ்தவ இல்லங்களைப் பற்றி ஊரில் இருக்கிற பயம் வெறும் வதந்தி இல்லை. ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கூடை தூக்கிக் கூன் விழுந்தவர், போகும்போது வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "சோறு குடுங்க, படிப்பு குடுங்க, கையெடுத்துக் கும்புடுறேன். எங்க மாரியம்மாள மட்டும் புள்ளைக்கு மறக்க வச்சிராதீங்க." எனக்குப் பதில் வரவில்லை. நான் இயேசுவை நம்புகிறவள். அவருடைய அன்பைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் சோற்றுக்காக என் வாசலில் நிற்கிற குடும்பத்திடம் அதன் சாமியைக் கேட்பது அன்பு ஆகாது. எங்கள் போதகரோடு பல நாள் பேசினேன். கடைசியில் கமிட்டி முடிவு செய்தது: 18 வயதுக்கு முன் எந்தப் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் இல்லை. பொட்டு வைக்கிற பிள்ளை வைக்கலாம். ஜெபத்துக்கு வர விருப்பமில்லாத பெரிய பிள்ளை அந்த நேரத்தில் படிக்கலாம். தீபாவளிக்கும், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும், பஸ் காசு நாங்கள் கொடுப்போம். திருவிழாவுக்குப் போய் வந்த பிள்ளைகள் ஞாயிறு ஆராதனையில் சத்தமாகப் பாடினார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் விசுவாசத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

இனிக் காகிதங்கள். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வந்த முதல் மாதத்திலேயே பிறப்புச் சான்றிதழைத் தேடத் தொடங்குங்கள். இலங்கையில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு, பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து, தகப்பன் பெயரில் சிக்கல் இருந்து, அப்படியே விட்டுப்போன பிள்ளைகள் எங்களிடம் 7 பேர். அம்மா வெளிநாட்டில், அப்பா எங்கே என்று தெரியாது, யார் கையெழுத்து வைப்பது? கிளினிக் கார்ட், பாடசாலையில் சேர்த்த பதிவு, குறிப்பு எழுதிய ஜாதகம், ஞானஸ்நானப் பத்திரம், எது கிடைத்தாலும் உதவும். ஒரு பிள்ளையின் கிளினிக் கார்ட், லயத்தில் பக்கத்துக் காம்பராப் பாட்டியின் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பாட்டியோடு நாங்கள் பேச்சுவார்த்தை வைத்திருந்ததால்தான் அது கிடைத்தது. எதுவுமே கிடைக்காதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம், ஆனால் அதில் பிள்ளைக்கு அம்மா அப்பா பெயர் கிடைக்காது. 15 வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக்கு உட்கார அது வேண்டும். 14 வயதில் ஓடத் தொடங்கினால் பிந்திவிடும். எங்களிடம் ஒரு பிள்ளைக்கு அப்படிப் பிந்தியது. அது என் பொறுப்பில் நடந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் சேறு. அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் பிள்ளைகள் கட்டிலில் படுக்கவில்லை, எல்லோரும் ஒரே அறையில் பாயை ஒட்டிப்போட்டுப் படுத்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் சரிவுதான். அதன் பிறகு எல்லாச் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பையில் தொங்கவிட்டோம். சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, மரம் சாய்வது, இவற்றைப் பார்த்தால் பெரியவர்களைக் கேட்காமலே கோயில் மண்டபத்துக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கினோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வானொலியில் வந்தால் அன்று இரவு மண்டபத்தில்தான் படுக்கை.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். அடுத்த கிழமையே ஊரடங்கு. 26 பேரை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது ஆபத்து என்று, இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான அரசாங்க நன்னடத்தை அலுவலரின் அனுமதியோடு, சொந்தக்காரர் இருக்கிற 11 பிள்ளைகளை அவசரமாக அனுப்பினோம். எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்த வீடுகள் சரியில்லை என்றுதானே இங்கே வந்தார்கள்?

யூலையில் ஒவ்வொரு வீடாகப் பார்க்கப் போனேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் பிரிவில், ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை, எங்களிடம் நாலு வருசம் இருந்தது, எப்போதும் மூலையில் உட்காருகிற பிள்ளை. லயத்து வாசலில் நாலைந்து பிள்ளைகளோடு கத்திக்கொண்டு ஓடியது. என்னைக் கண்டதும் சிரித்துவிட்டு, அடுத்த நிமிசம் அம்மாயியின் பின்னால் ஒளிந்தது. கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டது. அம்மாயியிடம் கேட்டேன், பிள்ளையை ஏன் விட்டீர்கள் என்று. "மாமன் ஒருத்தன் பேருல ஆறு வயிறு. சப்பாத்துக்கும் கொப்பிக்கும் எங்க போவேன்? அம்மா காசு அனுப்புறதும் நின்னு போச்சு" என்றார். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அதுவும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். சப்பாத்தும் கொப்பியும் அரிசியும் இல்லாததற்காக அந்தப் பிள்ளை நாலு வருசம் மாமாவையும் அம்மாயியையும் விட்டு இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இல்லத்தில் ஒரு மாதத்துக்கு ஆகிற செலவின் பாதி அந்த வீட்டுக்குப் போதும். கமிட்டியில் பேசினேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகள் குறைந்தால் வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வருகிற உதவியும் குறையும் என்ற பயம். அந்தப் பயமும் எனக்குப் புரிந்தது. ஆனால் உதவி நிற்காமல் இருக்கப் பிள்ளையை வைத்திருப்பது சரி இல்லை. கடைசியில் 5 பிள்ளைகளை வீட்டிலேயே விட்டு, மாதம் 10 கிலோ அரிசி, பருப்பு, சீனி, பால்மா, பாடசாலைச் சாமான்கள் கொடுப்பது என்று முடிவானது. நன்னடத்தை அலுவலரும் கையெழுத்து வைத்தார்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 5 பேரில் ஒரு பிள்ளையை நாலு மாதத்தில் திரும்பக் கூட்டி வந்தோம். சித்தப்பா குடித்துவிட்டு அடித்திருக்கிறார், முதுகில் தழும்பு. நாங்கள் சொல்லிவிட்டுப் போன நாள்களில் எல்லாம் வீடு சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு சொல்லாமல்தான் போவோம், பிள்ளையோடு தனியாக நடந்து பீலி வரைக்கும் போய்ப் பேசுவோம். 1929 என்ற இலக்கத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்ய வைத்தோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், காசு இல்லாமல் எந்தப் போனிலிருந்தும் எடுக்கலாம். இல்லத்துச் சுவரிலும் பெரிதாக எழுதினோம். எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாலும் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அதைச் சொல்லப் பயப்படுகிற இல்லத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

தம்பிமார் விசயத்தில் நாங்கள் தோற்றோம் என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வயதானால் பையன்கள் எங்களிடம் இருக்க முடியாது, பண்டாரவளைப் பக்கம் ஆண்பிள்ளைகளின் இல்லத்துக்கு மாற்றுவார்கள். அக்கா இங்கே, தம்பி அங்கே. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அக்காமாரை ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வருகிற ரயிலில் ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

உதவி செய்ய வருகிறவர்களுக்குச் சில விசயம். பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் சாப்பாடு கொடுக்கிறீர்கள், மனதாரச் சொல்கிறேன், நல்ல காரியம். ஆனால் கேக் வெட்டிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போடாதீர்கள். ஒரு பிள்ளையின் கையில் சோற்றுப் பார்சல் இருக்கிற படத்தை வகுப்பில் ஒரு பையன் போனில் காட்டியிருக்கிறான், பிள்ளை இரண்டு கிழமை பாடசாலைக்குப் போகவில்லை. டிசம்பரில் எங்களுக்குப் பத்துக் கேக் வரும், மார்ச்சில் பால்மா இருக்காது. 2022இல் காஸும் பால்மாவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, ஹட்டனில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் 5 கிலோ பருப்பு அனுப்பினார். பெயர் போட வேண்டாம் என்றார். அந்தப் பருப்பை மறக்க முடியாது. வருவதற்கு முன் போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் உள்ளாடை, சப்பாத்து, பெண்பிள்ளைகளுக்கு பேட், டோர்ச் பேட்டரி என்று சொல்வார்கள். இரண்டு கிழமை வந்து பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவதைவிட, மாதம் ஒரு சனிக்கிழமை ஒரே ஆள் பத்து வருசம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பது மேல். எங்களுக்கு அப்படி ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் இருந்தார்.

ஒரு பிள்ளை வயசுக்கு வந்தது. அதுவரைக்கும் இல்லத்தில் அப்படி நடந்தால் ஒரு புது உடுப்பும் பாயாசமும் கொடுத்து முடித்துவிடுவோம். அந்தப் பிள்ளை அழுதது. லயத்தில் அக்காமாருக்கு மாமன் பச்சை ஓலைக் குடிசை கட்டியதை அது பார்த்திருக்கிறது. நாலு வருசமாக எட்டிப் பார்க்காத தாய்மாமனைத் தேடி டிக்கோயாவுக்குப் போனேன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பாதையில் பத்துப் பதினைந்து பேர் தாம்பாளத்தோடு நடந்து வருகிறார்கள். வாழைப்பழம், பூ, கண்ணாடி வளையல், சீத்தைத் துணியில் ஒரு பாவாடை. எங்கள் முற்றத்தில் மாமன் குடிசை கட்டினார். போதகர் வந்து பார்த்துவிட்டு, ஓலை தாங்கிப் பிடிக்க ஒரு கை கொடுத்தார். பிள்ளை குடிசைக்குள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தது. அதன் பிறகு அந்த மாமன் மாதம் ஒரு தடவை வரத் தவறவில்லை. தேடி வர அவருக்கு ஒரு காரணமும் ஒரு மரியாதையும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

18 வயது முடிந்தால் பிள்ளை போக வேண்டும். முன்பெல்லாம் யாராவது கார்மென்ட்ஸில் வேலை இருக்கிறது என்று சொன்னால் ஒரு பையோடு அனுப்பிவிடுவோம். 2017இல் அப்படிப் போன பிள்ளை ஒன்று கட்டுநாயக்கவில் அறை எடுத்துத் தங்கி, ஒரு இரவு போன் செய்தது. "பெரியம்மா, ஒரு சுண்டு அரிசிக்கு எத்தன சுண்டு தண்ணி வைக்கணும்?" எங்கள் வீட்டுப் பெரிய பிள்ளைகள் 26 பேருக்குச் சோறு வடிப்பார்கள், அண்டா தூக்குவார்கள். ஒரு ஆளுக்குச் சமைக்க நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்டு வாங்க, வங்கிப் புத்தகத்தில் காசு போட்டு எடுக்க, சந்தையில் விலை கேட்க, வீட்டு வாடகைக்கு முன்பணம் என்றால் என்ன என்று கேட்க, எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு 14 வயதிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதத்தில் ஒரு நாள். கையில் 300 ரூபாய், சின்னச் சட்டி ஒன்று. நோர்வூட் சந்தைக்குத் தானே போய் வாங்கி வந்து, தனக்கும் ஒரு சிநேகிதிக்கும் சமைக்க வேண்டும். பிந்திய வருசங்களில் விலை ஏற ஏற அந்தத் தொகையையும் ஏற்றினோம். உப்புக் கூடினால் கூடட்டும், யாரும் கிட்டப் போகக்கூடாது.

போகிற பிள்ளை எங்கே போகிறது என்பதை 16 வயதிலேயே சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். கூட வைத்துக்கொள்ள முடியாதவர்கள்கூட, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளை வந்து நிற்க ஒரு வாசல் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

2023இல் நானும் வேலையை விட்டேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்த வருசம் நான் கடைசியாக அனுப்பிய பிள்ளை, துவாயில் கொழுந்து தைத்த பிள்ளைதான். தலவாக்கலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது, லிந்துலையில் இருக்கிற அத்தை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பையில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அம்மாவின் போட்டோ, சின்னச் சட்டி, பழைய துவாய். அத்தை நோர்வூட் பஸ் நிலையத்துக்கே வந்து நின்றார். பிள்ளையைப் பார்த்ததும் முதலில் பையைத்தான் கையிலிருந்து வாங்கினார். "இவ்ளோ பாரமா இருக்கே, என்னடி வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்.